கிடைக்காரன் கட்டில்

சக்கரம் வச்ச சின்ன வீட்டுக்குள்ள சுகமா படுத்துத் தூங்க என்ன வழி? இந்தக் கேள்வியை இப்போ கேட்கிறவங்க பெரும்பாலும் பட்டணத்துப் பிள்ளைகள்தான். பழைய வேனை வாங்கி உள்ளே பலகை அடிச்சு, மெத்தை போட்டு, வார இறுதியில் மலைக்குக் கிளம்புகிறார்கள். 'காரவன்' என்றால் நமக்கு முன்பெல்லாம் சினிமா நடிகர் உட்கார்ந்திருக்கும் ஏசி வண்டி மட்டும்தான். 2021ல் கேரள அரசு காரவன் சுற்றுலா என்று ஒரு திட்டமே அறிவித்த பிறகு, சாதாரண குடும்பங்களும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டன.

இந்த வண்டிகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது கட்டில்தான். பின்பக்கச் சுவரை ஒட்டிக் குறுக்கே போட்ட கட்டில். அதன் அடியில் சாமான் வைக்கிற இடம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் வெளியே வரும் மேசைப் பலகை. தலைமாட்டில் ஒரு சின்ன ஜன்னல். இது ஏதோ புதுசா படிச்சு வந்த டிசைனர் யோசிச்சது மாதிரி தெரியும். ஆனால் இதில் பெரும்பகுதியை நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே முடிவு செய்தவர்கள் ஆடு மேய்த்தவர்களும், அவர்களுக்கு வண்டி செய்து கொடுத்த கொல்லர்களும் தச்சர்களும்தான். கிடை போடுகிற ஊரில் விவசாயம் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் நெருக்கமான கதை.

இங்கிலாந்தின் கிடை

நம்ம பக்கம் அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவதைப் பட்டணத்து நண்பர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வருவார்கள். பகலில் ஆடுகள் தரிசிலும் தாளடியிலும் மேயும். ராத்திரி நம்ம வயலில் வலை கட்டி அடைப்பார்கள். விடியும்போது அந்த இடம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். மறுநாள் பட்டியைப் பக்கத்தில் நகர்த்துவார்கள். இப்படியே வயல் முழுக்க. இதற்கு வயல்காரர் கூலி கொடுப்பார். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று பழமொழியே இருக்கு. ஆட்டு எரு போட்ட வருஷமே பலன் தரும்.

இதே வேலையை இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் பகலெல்லாம் ஆடு மேய்ப்பார்கள். சாயங்காலம் கீழே ஓட்டி வந்து கோதுமை, பார்லி விதைக்கப்போகும் நிலத்தில் மரப்பட்டைத் தட்டிகளால் பட்டி கட்டி அடைப்பார்கள். மறுநாள் தட்டிகளைப் பிடுங்கிப் பக்கத்தில் நடுவார்கள். ஆட்டை அங்கே கறிக்கும் ரோமத்துக்கும் வளர்த்தது போலவே எருவுக்கும் வளர்த்தார்கள். மெல்லிய சுண்ணாம்பு மண்ணில் தானியம் விளைந்ததற்கு அந்தப் புழுக்கைதான் ஆதாரம்.

அந்த மேய்ப்பருக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு, குளிர். பின்பனிக் காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும்தான் அங்கே ஆடுகள் குட்டி போடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆடு ஈனும், மூணு மணிக்கு இன்னொன்று. குட்டி தலைகீழாக வந்தால் கை விட்டுத் திருப்ப வேண்டும். பிறந்த குட்டி ஈரத்தோடு பனியில் கிடந்தால் விடிவதற்குள் செத்துவிடும். மேய்ப்பர் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்தால் காலையில் குட்டிகள் மிஞ்சாது. எனவே வாரக்கணக்கில் அவர் மந்தைக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். பட்டி நகர்ந்தால் படுக்கையும் நகர வேண்டும்.

அதற்குப் பிறந்ததுதான் 'ஷெப்பர்ட்ஸ் ஹட்' எனும் சக்கரக் குடில். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் லெனார்ட் மாஸ்கல் என்பவர் எழுதிய கால்நடைப் புத்தகத்திலேயே, மேய்ப்பர் விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் சக்கரக் குடில் பற்றிய குறிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இது ஒரு நிலையான வடிவத்துக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு அடி நீளம், ஆறேழு அடி அகலம். வார்ப்பிரும்புச் சக்கரங்கள். வளைந்த தகரக்கூரை. பிற்பாடு சுவரும் தகரம் ஆனது. குதிரை பூட்டி இழுத்து, பட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். ஒரு மூலையில் சின்ன இரும்பு அடுப்பு. மருந்துகள் வைக்க ஒரு பெட்டி. எதிர்ப்பக்கம் குறுக்கே பலகைக் கட்டில், அதில் வைக்கோல் திணித்த மெத்தை. பல குடில்களில் கட்டிலுக்கு அடியில் கம்பியோ சட்டமோ அடித்த ஒரு கூண்டு இருக்கும். தாயில்லாத குட்டி, விறைத்துப்போன குட்டி எல்லாம் அந்தக் கூண்டுக்குள் போகும். மேலே மனிதன், கீழே ஆட்டுக்குட்டி, ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. கட்டிலை உயரத் தூக்கிப் போட்டதற்கு அந்தக் குட்டிகள் ஒரு காரணம். குளிர்ந்த தரைக்காற்றுக்குத் தப்பிப்பது இன்னொரு காரணம். கதவு ரெண்டு துண்டாக இருக்கும். கீழ்ப்பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்துவைத்தால் குட்டி வெளியே ஓடாது, காற்றும் வரும், மந்தையின் சத்தமும் கேட்கும்.

நம்ம கிடையிலும் பிறந்த குட்டிகளைப் பஞ்சாரம் மாதிரி பெரிய கூடையால் கவிழ்த்து மூடி வைப்பார்கள். நரிக்கும் பனிக்கும் பயந்துதான். அங்கே அந்தக் கூடை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்று என்கிற பாடம்

சின்ன இடம், மூடிய கதவு, எரிகிற அடுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்று சாட்சி. 1874ல் வெளிவந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவலின் ஆரம்பத்திலேயே கேப்ரியல் ஓக் என்ற மேய்ப்பனின் சக்கரக் குடில் வருகிறது. சுவரின் ரெண்டு பக்கமும் தள்ளித் திறக்கும் மரமூடி போட்ட காற்றுத் துளைகள். அடுப்பு எரியும்போது ஏதாவது ஒரு பக்கத்துத் துளையைத் திறந்துவைக்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருநாள் குளிரில், கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கலாம் என்று உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிடுகிறான். அவன் நாயின் சத்தத்தால் அங்கே வந்த இளம்பெண் ஒருத்தி அவனைக் காப்பாற்றுகிறாள். கதையே அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது.

ஹார்டி டார்செட் மாவட்டத்துக்காரர். மேய்ப்பர்களைப் பார்த்து வளர்ந்தவர். கரியும் விறகும் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். இன்றைக்கும் ஊட்டி, கொடைக்கானல் மாதிரியான இடங்களில் குளிருக்குப் பயந்து கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வண்டிக்குள் படுக்கை போடுகிற யாரும் மெத்தை எத்தனை இஞ்ச் என்று யோசிப்பதற்கு முன்னால் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று யோசிக்க வேண்டும்.

வயோமிங்கின் கொல்லர்

இங்கிலாந்துக் குடில் வயலுக்குள் கொஞ்ச தூரம் நகர்ந்தால் போதும். அமெரிக்காவின் வயோமிங்கில் கதை வேறு. அங்கே மேய்ச்சல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். மந்தை நகர்ந்துகொண்டே இருக்கும். மேய்ப்பர் தன் நாயோடு மாதக்கணக்கில் தனியாக இருப்பார். 'கேம்ப் டெண்டர்' என்று ஒரு ஆள் அவ்வப்போது வந்து மாவு, காபி, விறகு கொடுத்துவிட்டு, வண்டியை அடுத்த மேய்ச்சலுக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போவார். குளிரோ பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். கூடாரத்தில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு தண்டனை.

1884ல் ராலின்ஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் கேண்டிலிஷ் என்ற கொல்லர் மேய்ப்பருக்கென்று ஒரு வண்டி செய்தார். 'ஷீப் வேகன்' என்று அழைக்கப்படும் அந்த வண்டியின் பெருமை பெரும்பாலும் அவர் பெயருக்கே போகிறது. பிற்பாடு வேறு பட்டறைகளும் அதை மாற்றி மாற்றிச் செய்தன. ஆனால் உள் அமைப்பு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது.

அதில் இருந்த கணக்கு வண்டி ஓட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். நம்ம மாட்டு வண்டியில் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தட்டில் ஒரு ஆள் நீளவாக்கில்தான் படுக்க முடியும். குறுக்கே படுத்தால் முழங்கால் மடங்கும். சந்தைக்குப் போகிற ராத்திரிகளில் அந்தக் காலத்தில் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கை விரித்துப் படுப்பார்கள். போகும்போது மெத்தை, திரும்பும்போது மாட்டுக்குத் தீனி. அமெரிக்கச் சரக்கு வண்டியின் தொட்டியும் அகலம் குறைவுதான். நீளவாக்கில் கட்டில் போட்டால் அடுப்புக்கும் ஆளுக்கும் இடம் இருக்காது.

அவர்கள் செய்தது இதுதான். தரையைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுவிட்டு, சுவர்களைச் சக்கரத்தின் உயரத்துக்கு மேலே வந்ததும் வெளிப்பக்கம் அகலப்படுத்தினார்கள். அந்த விளிம்பு ரெண்டு பக்கமும் பெஞ்சு ஆனது. பின்பக்கத்தில் அதே விளிம்புகளின் மேல் குறுக்கே பலகை போட்டால் கட்டில் ஆனது. ஏறக்குறைய ஆறரை அடி நீளம் கிடைத்துவிடும். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கட்டில் உயரத்தில் இருப்பதால் அதன் அடியில் மூட்டை முடிச்சு, மாவு, துப்பாக்கி, சில வண்டிகளில் நாயும். கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தால் வரும் பலகைதான் சாப்பாட்டு மேசை. தலைக்கு மேல் சின்ன ஜன்னல். கதவுக்குப் பக்கத்தில் அடுப்பு. வளைத்த மரச்சட்டத்தின் மேல் கான்வாஸ் கூரை. ரெண்டு துண்டுக் கதவின் மேல்பாதியைத் திறந்து, உள்ளே நின்றபடியே குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்து ஓட்டலாம்.

மெத்தைக்குப் புல்லோ வைக்கோலோ திணித்த துணிப்பை. போர்வைக்கு 'சூகன்' என்ற கனமான ஒட்டுப்போர்வை. பழைய கம்பளி உடைகளைக் கிழித்துத் துண்டு துண்டாகத் தைத்தது. அது மேலே போர்த்தவும் உதவும், கீழே விரிக்கவும் உதவும். கீழே விரிப்பதுதான் முக்கியம் என்று அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். நாம் படுக்கும்போது உடம்புக்குக் கீழே இருக்கிற பஞ்சு நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் சூடு நிற்காது. ரெண்டு கம்பளி வைத்திருப்பவர் குளிர் ராத்திரியில் ஒன்றைக் கீழே போட்டால்தான் தூங்க முடியும்.

இந்த வண்டி இன்னும் சாகவில்லை. மரச்சக்கரம் போய் ரப்பர் டயர் வந்தது, குதிரை போய் பிக்கப் டிரக் வந்தது. பெரு நாட்டிலிருந்து பருவ விசாவில் வரும் மேய்ப்பர்கள் இன்றும் வயோமிங் மலைகளில் இதேமாதிரி வண்டிகளில் குறுக்குக் கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

வேலை போய் விடுமுறை வந்தது

படுக்கையோடு வண்டியில் போவதை ஒரு சந்தோஷமாக மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் டாக்டராக இருந்தவர், சிறுவர் கதைகள் எழுதியவர். 1885ல் பிரிஸ்டலில் இருந்த வண்டிப் பட்டறையில் 'வாண்டரர்' என்ற ரெண்டு டன் எடையுள்ள வண்டியைச் செய்து வாங்கினார். ரெண்டு குதிரை இழுக்க, முன்னால் ஒரு வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் வழி பார்த்துக்கொண்டு போக, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். அதற்கு முன்பே ரோமா மக்கள் வர்ணம் தீட்டிய 'வார்டோ' வண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவற்றிலும் பின்பக்கம் குறுக்குக் கட்டில்தான், அதன் அடியில் இருக்கும் அறை மாதிரியான இடத்தில் பிள்ளைகள் தூங்கும். அவர்களுக்கு அது வீடு, ஸ்டேபிள்ஸுக்கு அது விடுமுறை.

இன்னொரு வரவு ரயிலிலிருந்து. 1860களில் அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மேன் செய்த தூங்கும் பெட்டிகளில், எதிரெதிரே உள்ள ரெண்டு இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை ஆகிவிடும். நம்ம ஊர் ரயிலில் சைடு லோயர் கிடைத்தவர்களுக்கு அந்த வித்தை தெரியும். ரெண்டு பலகையும் சேரும் இடத்தில் முதுகில் குத்துவதும் தெரியும். இன்றைய சின்ன டிரெய்லர்களில் பகலில் சாப்பாட்டு மேசை, ராத்திரியில் கட்டில் என்று இருப்பது இதே ஏற்பாடுதான். அதே குத்தலும் உண்டு. அதற்கு மருந்து, சேரும் இடத்தின் மேல் ஒரே துண்டாக ரெண்டு இஞ்ச் மெத்தை ஒன்றைத் தனியாக விரிப்பது.

இதில் எனக்குப் பிடித்த ஆள் வாலி பயம். அமெரிக்காவின் புகழ்பெற்ற வெள்ளி நிற 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லரை உண்டாக்கியவர். 1896ல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் ஆடு மேய்த்திருக்கிறார். அப்போது அவர் வீடு, கழுதை இழுத்த ரெண்டு சக்கர வண்டி. உள்ளே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கொஞ்சம் சாப்பாட்டுச் சாமான், ஒரு படுக்கைப் பை. அவ்வளவுதான். அந்தப் பையன் பெரியவனாகி 1936ல் 'கிளிப்பர்' என்ற அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். நாலு பேர் படுக்கலாம், இருக்கை கட்டிலாக மாறும், சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு. விலை 1,200 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை. ஆட்டுக்கார வண்டியிலிருந்து அலுமினிய வண்டிக்கு வந்த வழி ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் அடங்கிவிட்டது.

பணம் குறைந்தவர்களுக்கு 1930களில் 'டியர்டிராப்' வந்தது. கண்ணீர்த் துளி வடிவில் ஒரு பெட்டி. ஒரு முழு ப்ளைவுட் பலகை நாலடிக்கு எட்டடி. பல வண்டிகளின் அளவும் அதேதான், பலகையை வீணாக்கக் கூடாதே. உள்ளே நிற்க முடியாது, முழுக்கக் கட்டில் மட்டும்தான். பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. கைவேலைப் பத்திரிகைகள் வரைபடம் வெளியிட, ஆட்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொண்டார்கள். நாலடி அகலத்தில் ரெண்டு பேர் என்றால் நெருக்கம்தான். புதுசா கல்யாணம் ஆனவர்களுக்குச் சரி.

நம்ம வெயிலுக்கு எது சரி

இங்கே ஒன்று சொல்லணும். படுக்கை பற்றி இன்று படிக்கக் கிடைக்கிற யோசனைகள் பெரும்பாலும் குளிர்தேசத்து யோசனைகள். அடியில் தடுப்புப் போடு, மூடு, சூட்டைக் காப்பாற்று என்பார்கள். நம்ம சமவெளியில் வருஷத்தில் பத்து மாசம் அதற்கு நேர் எதிரானதுதான் தேவை. கயிற்றுக் கட்டில் ஏன் சுகமாக இருக்கிறது? முதுகுக்குக் கீழேயும் காற்று போகிறது. அதே கட்டிலில் மார்கழியில் படுத்தால் நடுங்கும், அதற்கும் காரணம் அதே காற்று.

தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் ராத்திரி ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் விடுகிறார். மூடிய வண்டிக்குள் அது மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் போய்த் தங்கும். ஒரு மழைக்காலம் போனால் மெத்தையின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். ஒரே ப்ளைவுட் பலகையின் மேல் மெத்தையைப் போடாமல், இடைவெளி விட்டு அடித்த ரீப்பர் கட்டைகளின் மேல் போட வேண்டும். மெத்தைக்கு அடியில் ஒரு கோரைப்பாய் விரித்தால் இன்னும் நல்லது, அதுவும் மூச்சு விடும். பகலில் மெத்தையை நிமிர்த்தி வெயில் காட்ட வேண்டும். வண்டியை நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மட்டம் பார்க்கணும். சரிவாகத்தான் நிற்கும் என்றால் மேட்டுப் பக்கம் தலை. இதெல்லாம் செய்துவிட்டு மெத்தைக்கடைக்குப் போனால் போதும்.

தரையில் படுத்தவர்

இங்கிலாந்தில் அந்தக் குடில்கள் என்ன ஆயின? 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கப்பலில் மலிவான தானியமும் கறியும் வந்து இறங்கின. சாக்கில் அடைத்த உரம் வந்தது. புழுக்கைக்காக ஆட்டை அடைக்கிற வேலை குறைந்தது. குடில்கள் கோழிக்கூடாகவும் தட்டுமுட்டுச் சாமான் அறையாகவும் ஆகித் துருப்பிடித்தன. இந்த நூற்றாண்டில் மறுபடி பிறந்திருக்கின்றன, பணக்காரர் தோட்டத்தில். முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூன் 2017ல் 25,000 பவுண்டு கொடுத்து ஒன்று வாங்கினார், உட்கார்ந்து புத்தகம் எழுதுவதற்காக. ஆட்டுக்குட்டி படுத்த கூண்டு இருந்த இடத்தில் இப்போது இழுப்பறை.

நம்ம பக்கம் கிடைக்கு அப்படி ஒரு வண்டி ஏன் வரவே இல்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்று, குளிர் இல்லை. ரெண்டு, வரப்பு மேல் வண்டி போகாது. மூன்றாவதுதான் பெரியது. இங்கிலாந்திலும் வயோமிங்கிலும் பெரும்பாலும் மந்தை பண்ணைக்காரருக்குச் சொந்தம். மேய்ப்பர் தூங்க இடமில்லாமல் போனால் நஷ்டம் பண்ணைக்காரருக்கு. அதனால் வண்டிக்குப் பணம் போட்டார். இங்கே ஆடு ஒருத்தருடையது, வயல் இன்னொருத்தருடையது. மேய்க்கிற பையன் பல சமயம் மூன்றாவது ஆள். அவன் எங்கே படுக்கிறான் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. டெல்டா பக்கம் கடனுக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ராத்திரி எங்கேயோ படுத்தவர்கள்தானே.

எங்க வயலில் கிடை போட வந்த பெரியவர் ஒருத்தரிடம் படுக்கை பற்றிக் கேட்டேன். "மழைன்னா கொங்காணிதான் தம்பி. பனின்னா கம்பளி. மத்த நாளு வரப்பு மேட்டுல தலைய வச்சா தூக்கம் தானா வரும்," என்றார். சாக்கை மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வதுதான் கொங்காணி. குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார்.

ஆனால் அறுவடை முடிந்த வயலில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அதனிடம் கடிபடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள். கடித்த இடம் அதிகம் வலிக்காது, வீங்காது. பூச்சி கடித்ததாக நினைத்துத் திரும்பிப் படுப்பார்கள். விடியும்போது கண் இமை சொருகும், பிறகு மூச்சு நிற்கும். இதற்கு மிகச் சுலபமான தடுப்பு, தரையை விட்டு உயர்ந்த கட்டிலும், ஓரங்களை நன்றாகச் செருகிய கொசுவலையும்தான்.

இங்கிலாந்தில் கட்டில் உயர்ந்தது குட்டிக்காக, வயோமிங்கில் சக்கரத்துக்காக. நம்ம வயலில் அது உயர வேண்டியது உயிருக்காக. அதற்குப் பெரிய வண்டி எதுவும் வேண்டாம். போன வருஷம் எங்களிடம் சும்மா கிடந்த டயர் வண்டியின் தட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கட்டி, மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் போட்டு, கொசுவலையும் மாட்டி வாய்க்கால் மேட்டில் நிறுத்தினோம். கிடை இருந்த பதினோரு நாளும் அதில் ஆள் படுத்தது. மந்தையைப் பார்த்த பக்கம் திறப்பு, காற்று வருகிற பக்கம் தட்டி. செலவு என்று பார்த்தால் தார்ப்பாயும் வலையும்தான்.

கிடை பேசும்போது எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, கூலி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்று எல்லாம் பேசுகிறோம். ஆள் எங்கே படுப்பது என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இந்த வருஷம் தை அறுவடை முடிந்து கிடைக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் தங்களிடம் இருக்கும் பழைய கட்டிலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்குக் கயிறு மாற்ற வேண்டும்.